பள்ளிவாசலில் பிணை இருந்த நாள்

நான் மாரியம்மன் கோயில் பூசாரி. என் அப்பனும் பூசாரி, அவனுக்கு அப்பனும் பூசாரி. கோபக்காரன் என்று ஊரில் பெயர். திருநீறு கொடுக்கும்போது கையை ஒழுங்காக நீட்டாதவனைக் கூடத் திட்டியிருக்கிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்ற பழமொழியை என் காதில் விழும்படியே சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அப்படிப்பட்ட நான் அம்மன் ஊர்வலம் வந்த ஒரு பகல் முழுக்கப் பள்ளிவாசலுக்குள் உட்கார்ந்திருந்தேன். வெளியே வர வழி திறந்துதான் இருந்தது, வர முடியவில்லை.

உப்பு எடுக்கப் போனவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்களே, அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு நடந்தது இது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே கிணற்றை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. சோளம், கடலை, கொஞ்சம் மஞ்சள். ஊருக்குக் கிழக்கே என் கோயில். கோயில் மதிலை ஒட்டினாற்போல் என் வீடு. மேற்கே கடைவீதி முனையில் பள்ளிவாசல். அதன் பின்புறம் அசரத்து வீடு. பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவரை நாங்கள் அசரத்து என்போம். கடைவீதியில் பாதிக் கடை முஸ்லிம்களுடையது. விளைந்ததை அவர்கள்தான் வாங்குவார்கள், நாமகிரிப்பேட்டை வரைக்கும் வண்டி கட்டிப் போய் மஞ்சள் பிடித்து வருவார்கள்.

சித்திரையில் அம்மன் சப்பரத்தில் ஏறி ஊர் சுற்றுவாள். கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும், வேறு தடம் கிடையாது. என் அப்பன் காலத்தில் தொழுகை நேரமாக இருந்தால் அவர் கையைத் தூக்குவார், பம்பைக்காரர்கள் நிறுத்துவார்கள், பள்ளிவாசலைத் தாண்டி மறுபடி அடிப்பார்கள். தொழுகை இல்லாத நேரமாக இருந்தால் அடித்துக்கொண்டே போவார்கள். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. எங்கேயோ ஓர் ஊரில் மேளத்துக்காக மண்டை உடைந்ததாம், அதைக் கேட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் மண்டை அரித்தது. முந்தின வருடம் பள்ளிவாசல் முன்னால் நின்று நின்று அடித்தார்கள். ஒரு கல் வந்து பம்பைக்காரன் நெற்றியில் விழுந்தது. யார் எறிந்தது என்று இன்று வரை தெரியாது. அன்று சாயங்காலம் இரண்டு கடைகள் எரிந்தன. அதன் பிறகு வெகு காலம் சந்தை கூடவில்லை. மஞ்சள் வீட்டிலேயே கிடந்து புழுத்தது. ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊரில் கூத்தாடிக்கும் கொண்டாட்டம் இல்லை, கூலி கொடுக்க ஆள் இருந்தால்தானே.

அடுத்த வருடம் திருவிழாவைத் தொடங்கி வைக்கும் பூச்சாட்டுக்கு நாள் நெருங்கியபோது அசரத்து எனக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் உபதேசியார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வேதம் சொல்பவர், மற்ற நாளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்பவர். இரண்டு பக்கமும் நம்புகிற ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் இரண்டு பக்கமும் அவரை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் பலகையில் நாங்கள் மூன்று பேரும் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அசரத்து என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அதுவரை எங்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் தெருப் பெண்கள் என்னிடம் வேப்பிலை அடிக்க வருவார்கள், எங்கள் பெண்கள் அவரிடம் தண்ணீர் ஓதி வாங்கப் போவார்கள். காய்ச்சலுக்கு மட்டும் யாரும் மதம் பார்ப்பதில்லை.

மேளத்தைப் பற்றி மூன்று பேரும் பேசிப் பேசித் தொண்டை வற்றியது. எங்கள் பையன்கள், இந்த வருடம் நின்றுதான் அடிப்போம் என்கிறார்கள். அவர்கள் பையன்கள், ஓர் அடி விழுந்தாலும் விடமாட்டோம் என்கிறார்கள். எங்கள் பேச்சை இரண்டு கூட்டமும் கேட்கவில்லை. கோயில் பூசாரி என்றால் ஊரே கேட்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சாமி வந்து ஆடும்போது கேட்பார்கள், இறங்கினதும் என்னைக் கேட்க மாட்டார்கள்.

கடைசியில் அசரத்து சொன்னார், "பூசாரி, அன்னைக்கு நீங்க எங்க பள்ளியில வந்து உக்காந்துக்கங்க. நான் உங்க கோயில்ல போயி உக்காந்துக்கறேன். எவன் கல்லெறிஞ்சாலும் அவனவன் ஆளு தலையிலதான் உழுகும்."

"மேளம்?" என்றேன்.

"அது அவங்க கையில இருக்குதுங்க. நம்ம கையில நம்ம ஒடம்பு மட்டுந்தானுங்களே இருக்குது."

காலையில் உட்கார்ந்தால் அம்மன் ஊர் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும் வரை இரண்டு பேரும் வெளியே கால் வைக்கக் கூடாது. யார் முதலில் வெளியே வந்தாலும் பேச்சு முறிந்தது. நடுவில் சேதி கொண்டுபோகிற வேலை உபதேசியாருக்கு. அவ்வளவுதான் ஒப்பந்தம். அசரத்து கோயிலில் உட்காரத் துணிந்துவிட்டார், நான் மட்டும் யோசிப்பதா என்ற வீம்பில் சரி என்று தலையாட்டினேன். ஆப்பை அசைத்த குரங்கு அதற்கு முன்னால் யாரையும் கேட்டுக்கொண்டா அசைத்தது?

இதற்குப் பிறகு பூச்சாட்டி, காப்புக் கட்டி, ஊரில் திருவிழா ஏறிக்கொண்டிருந்தபோது என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரே மகள், ஆறு வயது. முதலில் வெயில் சூடு என்றுதான் நினைத்தோம். பிறகு முத்துப் போட்டது. எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று வாயால் சொல்ல மாட்டோம், ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகினேன். என் மனைவி தாளிப்பதை நிறுத்தினாள். ஊரில் எல்லோருக்கும் பூரிப்பு. காப்புக் கட்டினதும் ஆத்தா முதல் முதலாகப் பூசாரி வீட்டுக்கே வந்துவிட்டாள் பார், எவ்வளவு பெரிய பாக்கியம் என்றார்கள். நான் பூசாரி, எனக்கு அது பாக்கியமாகத் தெரியவில்லை. அதை வெளியே சொல்லவும் முடியாது.

எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் வேப்பிலை வீசியிருக்கிறேன். எந்தப் பிள்ளை எழுந்திருக்கும், எது எழுந்திருக்காது என்று கொஞ்சம் தெரியும். முத்துக்கு முத்து இடம் விட்டுப் போட்டால் பிழைக்கும். என் மகளுக்கு இடமே இல்லாமல் ஒன்றோடு ஒன்று கலந்து போட்டிருந்தது. திருவிழா நாள் வந்தபோது கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டது. தண்ணீர் விழுங்க முடியவில்லை. தொண்டைக்குள்ளும் போட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

உபதேசியாரிடம் போய் என்னை விட்டுவிடச் சொன்னேன். அவர், "பூசாரி, நீங்க வரலைன்னா எதுக்கு வரலைன்னு எவனும் யோசிக்க மாட்டான். பூசாரி பின்வாங்கிட்டான், அப்ப எதோ திட்டம் இருக்குதுன்னு அவங்க தடி எடுப்பாங்க. அவங்க எடுத்தா இவங்க எடுப்பாங்க. அசரத்து அங்க கோயில்ல தனியா உக்காந்திருப்பாருங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. சரியான பேச்சைப் போல எரிச்சல் தருவது வேறு ஒன்றும் கிடையாது.

விடிந்ததும் குளித்துவிட்டுக் கிளம்பினேன். என் மனைவி ஆட்டையாம்பட்டிக்காரி. தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள், பேசினால் அடுத்த வீதிக்குக் கேட்கும். அன்றைக்கு மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, ஊருக்கு நீங்க பிணை இருக்கறீங்க. எம்புள்ளைக்கு ஆரு பிணை?"

பதில் இல்லாதவன் என்ன செய்வான், கத்துவான். நானும் கத்திவிட்டு வந்தேன். கரகம் எடுப்பது என் வேலை, அதை மைத்துனன் தலையில் வைத்தேன். எதிரே அசரத்து வந்துகொண்டிருந்தார். கடைவீதி நடுவில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனோம். "புள்ளைக்கு எப்படிங்க?" என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன்.

பள்ளிவாசல் தொட்டியில் காலைக் கழுவச் சொன்னார்கள், கழுவினேன். தொழுகிற இடத்துக்கு வெளியே முற்றத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் மோதினார் பாய் விரித்தார். பாங்கு சொல்கிற கிழவர் அவர். நான் அங்கே எதுவும் சாப்பிட மாட்டேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டு ஓர் இளநீரைச் சீவாமல் அப்படியே கொண்டுவந்து வைத்தார், பக்கத்தில் அரிவாளும் வைத்தார். பிணையாக வந்தவன் கையில் அரிவாளைக் கொடுக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. காப்புக் கட்டின விரதம், நான் இளநீரைத் தொடவில்லை.

மூன்று பக்கமும் உயரமான மதில். தெருவைப் பார்த்து ஒரே ஒரு வாசல். வாசலின் உள்பக்கம் பத்துப் பதினைந்து இளவட்டங்கள் தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எனக்குக் காவலா, நான் அவர்களுக்குக் காவலா என்று தெரியவில்லை. எதிர்ச்சாரிக் கடைகளின் கூரை மேல் எங்கள் பையன்கள். பூசாரி உள்ளே இருக்கிறானா என்று அவ்வப்போது எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக் கண்ணும் என் மேல்தான் இருந்தது. எழுந்து நின்று சோம்பல் முறித்தால்கூடக் கூரை மேல் ஒரு சலசலப்பு. அதனால் அசையாமல் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. மர நிழல் சுருங்கிப் பாய்க்குள் வந்தது. கோயில் பக்கம் பம்பை முழங்கத் தொடங்கியது, சப்பரம் கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. எங்கே போகிறது, எந்த வீதியில் திரும்புகிறது என்று சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டேன். வடக்குத் தெருவுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு கடைவீதிக்கு வரப் பொழுது சாயும். அதற்கு மேல் கோயில் போய்ச் சேர வேண்டும். அத்தனை நேரமும் என் மகள் மூச்சுவிட வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

நடுப்பகல் தொழுகை முடிந்ததும் உபதேசியார் வந்தார்.

"புள்ள எப்படி இருக்குது?"

"தூங்குதுங்க."

அவருக்குப் பொய் சொல்ல வராது. சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "உங்களத்தான் கூப்புட்டுட்டே இருக்குதுங்க" என்றார்.

எழுந்து வாசலுக்கு நடந்தேன். இளவட்டங்கள் எழுந்தார்கள், ஒருவரும் வழியை மறிக்கவில்லை. தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒருவனையாவது அடித்திருப்பேன். எதிர்க் கூரையில் எங்கள் பையன்களும் எழுந்து நின்றார்கள். ஒருவன் கையில் கல் இருந்தது. நான் வாசற்படியில் ஒரு காலை வைத்தேன். அடுத்த காலைத் தெருவில் வைத்தால் ஓடி வீட்டுக்குப் போய்விடலாம். அசரத்து நினைவு வந்தது. என் கோயிலில், என் ஆட்களுக்கு நடுவில், ஒல்லியான அந்த மனிதர். படியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு வந்த வெறுப்பை என்னவென்று சொல்ல. அந்தத் திட்டத்தைச் சொன்ன அசரத்தை வெறுத்தேன். பம்பை அடித்தவனை, தடி பிடித்தவனை, சமாதானம் என்ற சொல்லையே வெறுத்தேன். ஆத்தாளையும் திட்டினேன். உனக்கு மூன்று தலைமுறையாக விளக்கேற்றினோமே, விளையாட உனக்கு என் பிள்ளைதான் கிடைத்தாளா என்று கேட்டேன். மோதினார் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கோயிலில் நடந்ததைப் பிற்பாடு என் மனைவி சொல்லித்தான் தெரியும். அசரத்து மதிலோரம் உட்கார்ந்திருக்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் என் வீடு. என் மகள் 'அப்பா, அப்பா' என்று கூப்பிடுவது அவருக்குக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவரும் எழுந்து போக முடியாது. என்னிடமிருந்து திரும்பி வந்த உபதேசியார், நான் படி வரைக்கும் வந்து திரும்பியதைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் மதில் ஓரமாக நின்று என் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"தங்கச்சி, அவரால வர முடியாது. என்னால போக முடியாது. புள்ளயக் கொண்டு போக முடியுமில்ல? அதுக்கு ஒண்ணும் பேச்சு இல்லீங்களே."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மதில் மேல் போட்டாராம். "இதப் பள்ளியில காட்டுங்க. நான் அனுப்புனேன்னு சொல்லுங்க. உள்ள உடுவாங்க."

பள்ளிவாசலுக்குப் பின்னால் அவர் வீட்டில் இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு அம்மை குத்தியிருந்தது. அம்மை குத்த வந்த சர்க்கார் ஆளைக் கண்டு சின்னவன் ஓடி ஒளிந்துகொண்டவன். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் துண்டைக் கொடுத்தார்.

என் மனைவி வாழையிலையில் வேப்பிலையைப் பரப்பிப் பிள்ளையை அதில் கிடத்தி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். முன்னால் உபதேசியார் குடை பிடித்து நடந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் வழியெல்லாம் சனம் ஒதுங்கியது. வாசலில் வந்து நின்றபோதுதான் நான் பார்த்தேன்.

இளவட்டம் ஒருவன், "அம்மையோட உள்ள வாராங்களே, எங்க ஊட்டுப் புள்ளைகளுக்கு ஒட்டிக்காதா?" என்றான். அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. என் மனைவி துண்டைக் காட்டினாள். மோதினார் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"அசரத்து துண்டுதான். வழி உடுங்கப்பா" என்றார்.

உள்ளே வந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள். அதோடு நிற்கவில்லை. முற்றத்து மரத்தில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பி நடந்தாள். நிலையில் செருகப் பார்த்தாள், கை எட்டவில்லை.

"இது எதுக்கும்மா?" என்றார் மோதினார்.

"உள்ள ஆத்தா இருக்கான்னு வாரவங்களுக்குத் தெரியோணுமில்லீங்க. தெரியாம ஆராச்சும் வந்துட்டா?"

மோதினார் அதை வாங்கி, திண்டின் மேல் ஏறி, நிலையின் உச்சியில் தெருவைப் பார்த்துத் தொங்கும்படி கட்டினார். அந்தத் தெருப் பிள்ளைகளுக்காகத்தான் அவள் அதைச் செய்தாள். சண்டை, சமாதானம் ஒன்றும் அவள் நினைப்பில் இல்லை. அவளுக்கு அப்போது என் மேலும் ஊர் மேலும் கோபம் மட்டும்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. வேப்பிலை கட்டின வாசலில் மேளம் அடிக்கக் கூடாது. பிள்ளையோடு ஆத்தா விளையாடிக்கொண்டிருக்கும் இடத்தில் சத்தம் போட்டால் அவள் சீறிவிடுவாள், முத்து உள்ளுக்கு இறங்கிவிடும் என்பார்கள். எப்பேர்ப்பட்ட முரடனும் அதை மீற மாட்டான். அன்றும் என் வீட்டு வாசலைத் தாண்டின பிறகுதான் பம்பையில் கை வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. மகளின் நெற்றியில் ஈரத் துணியை வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவா?" என்றாள்.

"அப்பாதான் சாமி."

என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது.

பொழுது சாயச் சாய மேளம் நெருங்கியது. கடைவீதிக்குள் திரும்பிவிட்டார்கள். இந்த வருடம் பம்பை இரண்டு ஜோடி அதிகம், வேண்டுமென்றே பேசி வைத்தது. மதில் அதிர்ந்தது. வாசலில் இளவட்டங்கள் தடியோடு எழுந்து வரிசை கட்டினார்கள். மோதினார் அவர்கள் முன்னால் போய் நின்றார். அவ்வளவு சத்தத்தில் என் மகள் முகத்தைத் திருப்பினாள்.

"மேளமாப்பா? ஆத்தா வாராளா?"

"வாரா சாமி."

"எனக்குக் கண்ணு தெரியல. மேளம் நல்லாக் கேக்குது." உதட்டில் புண்ணோடு சிரிக்கப் பார்த்தாள். "கிட்ட வரட்டும்ப்பா. கிட்டக் கேக்கோணும்."

அப்போது மேளம் நின்றது.

ஒரு பம்பை கூட மிச்சம் இல்லாமல் எல்லாம் நின்றது. நிலையில் வேப்பிலையைப் பார்த்துவிட்டார்கள். தெருவில் நூற்றுக்கணக்கான சனம், காலடிச் சத்தமும் சப்பரம் தூக்குகிறவர்களின் மூச்சும்தான் கேட்டது. நின்று அடிப்போம் என்று சபதம் போட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தடிகள் மெல்லச் சுவரில் சாய்ந்தன. கல் வரவில்லை.

"ஏம்ப்பா நின்னு போச்சு?"

"வரும் சாமி."

"அடிக்கச் சொல்லுங்கப்பா."

நான் பூசாரி. எழுந்து மதில் அருகே போய், அடிங்கடா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அடித்திருப்பார்கள். ஆத்தா உத்தரவு என்று நினைத்து இரண்டு மடங்கு அடித்திருப்பார்கள். அடித்தால் சுவரில் சாய்ந்த தடிகள் திரும்பக் கைக்கு வரும். என் வாய் வரைக்கும் வந்தது அந்தச் சொல். வெளியே ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, என் மடியில் ஆறு வயசுப் பிள்ளை மேளம் கேட்கிறாள். நான் அந்தச் சொல்லை விழுங்கினேன்.

"சித்த நேரத்துல அடிப்பாங்க சாமி. நீ கேட்டுட்டே இரு."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைவீதி முழுக்கத் தாண்டி, தெற்கே திரும்பின பிறகுதான் பம்பை மறுபடி ஒலித்தது. வெகு தூரத்தில். விரலில் பிடி தளர்ந்திருந்தது. இதோ பார் சாமி, அடிக்கிறாங்க என்றேன். என் மனைவி குனிந்து பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயில் திணித்துக்கொண்டாள். அம்மையில் போன பிள்ளைக்கு வாய்விட்டு அழக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான்.

அப்போதும் எழுந்து போக முடியவில்லை. அம்மன் கோயிலுக்குத் திரும்பவில்லையே. நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மாலைத் தொழுகைக்கு வந்தவர்கள் சத்தமில்லாமல் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மோதினார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் எட்டிப் பார்க்காதபடி வாசலை அடைத்து நின்றார். இருட்டும் முன்னால் உபதேசியார் ஓடி வந்து, "ஆத்தா கோயில் சேந்துட்டாங்க பூசாரி, ஒரு குறையும் இல்லாம முடிஞ்சுது" என்றார். பிறகுதான் என் மடியைப் பார்த்தார்.

பாதி வழியில் அசரத்து எதிரே வந்தார், துண்டு இல்லாத தோளோடு. திரும்பி எங்களோடு நடந்தார். ஊருக்கு வெளியே வேப்பிலை பரப்பிப் புதைத்தோம். மூன்று பேரும் மண் தள்ளினோம். அவர் உதடு அவர் வேதத்தைச் சொன்னது. உபதேசியார் அவருடையதைச் சொன்னார். எனக்கு ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை.

சில நாளில் அசரத்தின் சின்ன மகனுக்கு முத்துப் போட்டது. நான் அங்கேயே கிடந்தேன், இரவும் பகலும் வேப்பிலை வீசினேன். பையன் பிழைத்தான், ஒரு கண் போயிற்று. என்னையோ என் மனைவியையோ அசரத்து ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மறு வருடத்திலிருந்து பள்ளிவாசல் முன்னால் மேளம் தானாகவே நின்றது. மோதினாரே காலையில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டி வைத்துவிடுவார். கல்லும் இல்லை, தடியும் இல்லை, சந்தை ஒழுங்காகக் கூடியது. ஊரில் கதை வளர்ந்தது. ஆத்தாளே ஆறு வயசுக் குழந்தையாக வந்து பள்ளிவாசலில் உட்கார்ந்து இரண்டு பக்கத்து வாயையும் மூடிவிட்டுப் போனாள் என்றார்கள். இரண்டு தெருக்காரர்களும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் சண்டையே இல்லை.

அந்த மறு வருடத் திருவிழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் தாம்பாளத்தில் சேலை, தேங்காய், பூ எல்லாம் வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே கடைவீதி முஸ்லிம் பெரியவர்கள் இரண்டு பேர். அம்மனுக்கு அடுத்தபடி முதல் மரியாதை இனிமேல் என் மனைவிக்குத்தான் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"உங்க புள்ளையாலதானுங்க ஊரு பொழச்சுது. வாங்கிக்கோணும்" என்றார் ஒருவர்.

அவள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எம்புள்ள மேளம் கேட்டுச்சுங்க. இத்தன பேரு இருந்தீங்க, ஒருத்தரும் அடிக்கல" என்றாள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அந்த இத்தனை பேரில் ஒருவன்தான்.